கொதிக்க வைத்த காசு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றுக்கு உலை வைப்பதற்கு முன்னால் காசுக்கு உலை வைப்பேன்.

அதற்கென்று ஒரு சட்டி தனியாக இருந்தது. ஓரம் நசுங்கிய பழைய சட்டி. அதில் வேறு எதையும் சமைத்ததில்லை. தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி சலவைச் சோடா போட்டு, அந்த வாரத்துச் சில்லறையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவேன். கொதி வந்ததும் காசுகள் அடியில் கடகடவென்று ஆடும். கொஞ்ச நேரம் ஆட விடுவேன். பிறகு வடித்து, வாசலில் பலகை மேல் பரப்பிக் காய வைப்பேன்.

அப்போது வந்தவை அலுமினியக் காசுகள். ஐந்து பைசா சதுரம். மூன்று பைசா ஆறு மூலை. பத்து பைசா பூ மாதிரி. சோடாத் தண்ணீரில் கொதித்தால் அலுமினியம் கறுத்துவிடும். எங்கள் வீட்டுக் காசெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் மலைப்பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார். அடுப்புப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஊர்ல எல்லார் வூட்லயும் சோறு கொதிக்குது. நம்ம வூட்ல காசு கொதிக்குது. இன்னாமே, உப்பு போட்டியா?"

"நைனா, புளி கரைச்சு ஊத்துனா காசுக் கொழம்பு," என்பாள் பெண்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். பெண்கள் வார்டு. தினக்கூலி. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தரையைத் துடைப்பது, சளிக் கப்பை எடுத்துக் கொட்டிக் கழுவுவது, எழ முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பது. நோயாளிகள் வெளியே போகக் கூடாது. பன், பால், வெற்றிலை எது வேண்டுமானாலும் எங்களிடம்தான் காசு கொடுப்பார்கள். வாங்கிக் கொடுத்தால், மிச்சத்தை வச்சுக்கோ ஆயா என்பார்கள். வாங்கக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் வாங்கினோம்.

அந்தச் சில்லறையை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். முதலில் கொதிக்க வைக்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

பெண்ணுக்கு அடுத்தது ஒரு பையன் பிறந்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் தவழ்ந்து வந்து புடவையைப் பிடிப்பான். தூக்கி வைத்துக்கொள்வேன். முந்தானை முடிச்சை வாயில் வைத்துக் கடிப்பான். உள்ளே காசு இருக்கும். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. இளைத்தான். கழுத்து நிற்கவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்க் கிருமி மூளைக்கு ஏறி வந்த மூளைக் காய்ச்சல் என்றார்கள். திரும்பும்போது அவன் இல்லை.

எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் யோசித்தேன். அந்த முடிச்சுதான் என்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டியை அடுப்பில் வைத்தேன்.

பெண்ணை நான் காசு விஷயத்தில் கறாராக வளர்த்தேன். அவள் அப்பாவுக்குக் கையில் காசு நிற்காது. சனிக்கிழமை கூலி வாங்கினால் வரும் வழியிலேயே பொரி உருண்டை, பலூன், எனக்குப் பூ. தப்பான மனுஷன் இல்லை. ஆனால் குவாரியில் கல் தெறித்து ஒரு மாதம் படுத்தால் வீட்டில் எதுவும் இல்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட்டேன். பெண்ணாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

வாரம் பத்து பைசா கொடுப்பேன். கறுத்த காசுதான். பாதி தின்ன, பாதி சேர்க்க. கடையில் கடன் சொல்லக் கூடாது. மீதியைக் கடைக்காரர் எதிரிலேயே எண்ணி வாங்க வேண்டும். வழியில் கிடக்கிற காசை எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் இருக்கிற ஆஸ்பத்திரி வேலிப் பக்கம் போகக் கூடாது. ரயில் ஸ்டேஷனில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் விளக்கு மின்னி, அட்டை விழும். அதில் பிள்ளைகளுக்கு ஒரே ஆசை. அதில் போடவே கூடாது. உன் எடையைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் கடைக்குப் போகிற வழியில் காசைத் தொலைத்துவிட்டு வந்தாள். கையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வைக்கோலுக்குள் விழுந்துவிட்டது. நான் அடிக்கவில்லை. சொன்னேன்.

"கையில வச்சிகினு ஓடுனா உழத்தான் உழும். காசு வெளிய தெரியக் கூடாது. பத்திரமா வை."

அவ்வளவுதான் சொன்னேன். எங்கே வைப்பது என்று சொல்லவில்லை.

சேர்க்கிறதற்கு ஒரு பவுடர் டின். அவள் அப்பா உளியால் மூடியில் பிளவு போட்டுக் கொடுத்தார். போகிக்கு முதல் நாள்தான் திறப்போம். அந்தக் காசில் அவளுக்குப் பாவாடைத் துணி. அவள் சம்பாத்தியத்தில் அவளே உடுத்துகிற மாதிரி. அது அவளுக்குப் பெருமை.

முக்குக் கடை அண்ணாச்சி தெற்கத்தி ஆள். எங்கள் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"ஏ பிள்ள, காசை வறுத்தா கொண்டாந்திருக்க? கடுகு போட்டுத் தாளிச்சிருக்கலாம்லா?"

"செல்லாதுன்னா குடுங்க அண்ணாச்சி," என்பாள்.

"செல்லாதுன்னு யாரு சொன்னா? கேட்டேன், அவ்வளவுதான்."

அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்தது. மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள் கூரை ஒழுகிய இடத்தைத் துடைக்கிறதற்காக அவள் டின்னை நகர்த்தினேன். கனத்தது.

மாதா மாதம் அந்த டின்னை நகர்த்தியிருக்கிறேன். எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். நான் கொடுத்த காசுக்கு அந்தக் கனம் வராது.

போகி வரவில்லை. இருந்தாலும் திறந்தேன். பாயில் கொட்டினேன். கறுப்புக் காசு கொஞ்சம்தான் இருந்தது. மீதி எல்லாம் வெள்ளை. பளபளவென்று இருந்தன.

கறுப்பு நான் கொடுத்தது. வெள்ளை யார் கொடுத்தது?

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பாயில் காசைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏதுடி?"

"என்தும்மா."

"எட்த்தியா?"

"இல்லம்மா. சம்பாதிச்சேன்."

"யார்கிட்ட?"

தலையைக் குனிந்தாள். கையைப் பிடித்துக் கேட்டேன். அதட்டிக் கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள். என் பிடிவாதம் அவளுக்கும் இருந்தது.

சொல்லக் கூடாது என்று யார் சொன்னது? ஆம்பிளையா? அந்தப் பயம் வந்தது. இழுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இவ உங்க கடையில எதுனா எட்த்தாளா? ஒளிக்காம சொல்லுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிக் கேக்க? நித்தம் வந்து துட்டுக் குடுத்துல்லா வாங்குது. நேத்துக்கூட வந்துச்சே. தலைக்குக் குத்துற ஊசி, சோப்பு, இன்லேண்டு லெட்டர். உங்களுக்குத்தான்னுல்லா நெனச்சேன்."

எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. நான் யாருக்கும் எழுதுவதில்லை. சோப்பு ரேஷனைப் போல அளந்து போடுவேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெவரமான பிள்ளம்மா," என்றார் அண்ணாச்சி. "மிச்சத்தை எண்ணாம நகராது."

நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். துடைத்துக்கொண்டே வந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் கூடுவாஞ்சேரியில் காய்கறி விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். மாசக்கணக்காக இருக்கிறாள். நோய் இறங்கி வந்த பிறகு மத்தியானத்தில் அவளை வேலி ஓரத்து மரத்தடியில் போய் உட்கார விட்டிருந்தார்கள். வார்டு முழுக்க அவள் குரல்தான் கேட்கும். அன்றைக்குத் தலையை வாரி முடிந்துகொண்டிருந்தாள். புது ஊசி. ஸ்டூல் மேல் புதுச் சோப்பு. தலையணைக்குக் கீழே நீலக் கடுதாசி நீட்டிக்கொண்டிருந்தது.

துணி கையிலேயே நின்றது.

"இன்னா ஆயா, மூஞ்சி ஒரு மாரி கீது? வூட்டுக்காரன் அட்ச்சானா?"

"இந்த ஊசி யாரு வாங்கிக் குட்த்தது?"

அவள் சிரித்தாள். "தெரிஞ்சுபோச்சா? உன்கிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். நீ திட்டுவே. வேலிண்ட வந்து நிக்குது ஆயா, இஸ்கூல் வுட்டதும். இன்னா வோணும்னு கேக்குது. தூர நின்னுதான் கேக்குது. கிட்ட வராது, அம்மா அடிப்பாங்கன்னு சொல்லுது. காச வேலிக்கு அந்தாண்ட தூக்கிப் போடுவோம். கப்புனு பொறுக்கினு ஓடும். வாங்கியாந்து இந்தாண்ட போடும். கணக்கு சுத்தமா கீது. ஒரு பைசா மாறாது. நாங்கதான் வச்சுக்கோன்னு அஞ்சோ பத்தோ குடுப்போம். உன் வளர்ப்பு ஆயா. எம் புள்ளைங்க இருக்குதே, பத்து பைசா குட்த்தா பன்னெண்டு பைசா கடன் வச்சிட்டு வருங்க."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

"காச அப்டியே லபக்குனு வாய்ல போட்டுக்கும் பாரு," என்றாள் கூடுவாஞ்சேரிக்காரி. கன்னத்தை உப்பிக் காட்டினாள். "இப்டி ஒதுக்கிக்கினு குரங்குக் குட்டி மாரி ஓடும். ஏன்டி வாய்லன்னு கேட்டேன். பத்திரமா இருக்கும்னு சொல்லுது."

நான் கட்டில் கம்பியைப் பிடித்தேன். அவள் சொல்லி முடித்து இருமினாள். கப்பை எடுத்து நீட்டினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவளை உட்கார வைத்தேன்.

"வேலிண்ட போவாதேன்னு சொன்னேன்ல?"

"கிட்ட போவலம்மா. அவங்கள தொடல. காசத்தான் எட்த்தேன்."

"வாயில ஏன்டி போட்ட?"

"நீதான சொன்ன. கையில வச்சிகினு ஓடாதன்னு. வெளிய தெரியாம பத்திரமா வைன்னு." பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக் காட்டினாள். "இதுல எங்கம்மா வைக்கிறது?"

பாவாடையில் பை இல்லை. நான் தைத்த பாவாடை.

வாயைத் திறக்கச் சொன்னேன். உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தேன். திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தேன். ரொம்ப நாளாகப் போட்டதற்கு இப்போது கொப்பளித்து என்ன? ஆனாலும் வைத்தேன். அவள் அழுதாள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பி போனபோது அவள் சின்னப் பிள்ளை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது?

வார்டில் வேலை செய்தால் காது பழகிவிடும். இருமல் கேட்டால் போதும், எந்தக் கட்டில், யார், நேற்றைக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். அந்தக் காதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். அவள் தொண்டையைச் செருமினால் என் கை நிற்கும். சோறு தொண்டையில் அடைத்து இருமினால் எழுந்து போய் முதுகைத் தொடுவேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நெற்றியில் கை வைப்பேன். இந்த நோய்க்குச் சாயங்காலம்தான் காய்ச்சல் வரும். சுடுகிற மாதிரி இருக்கும். பிறகு என் கைதான் சுடுகிறதோ என்று தோன்றும். கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன்.

"இன்னாம்மா சும்மா சும்மா தொட்ற?"

"சும்மாதான்."

அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பட்டது. அப்பாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாளே, குளிரா என்று பட்டது. தோள் எலும்பு முன்னால் இப்படித் தெரிந்ததா? நினைவில்லை. தினமும் பார்க்கிற பிள்ளை இளைத்தால் தெரியாது. அவன் இளைத்ததும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு நேரே ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். எடை மெஷின் முன்னால் நிறுத்தினேன். முந்தானையை அவிழ்த்துப் பத்து பைசா எடுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இதுல போடக் கூடாதும்மா."

"ஏறு."

"வேஸ்ட்டுன்னு நீதான..."

"ஏறுடி."

சக்கரம் சுற்றியது. அட்டை விழுந்தது. எண்ணைப் பார்த்தேன். பின்பக்கம் நல்ல வாக்கு ஏதோ போட்டிருந்தது, அதைப் படிக்கவில்லை. அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடி கூட்டிப் போனேன். அன்று அவளே ஏறி நின்றாள். அட்டை விழுந்தது.

குறைந்திருந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. போன தடவை செருப்பு போட்டிருந்தாள். அது இப்போது சொல்லும்போது நினைவுக்கு வருகிறது. அப்போது வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் பல்லில் இருந்த குச்சியை எடுத்துப் போட்டார்.

"டாக்டரம்மாண்ட இட்டுகினு போ."

"போனா எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்லு."

"நாங்க காசு வாங்கறதச் சொல்லணும். எம் பொண்ணு வேலிண்ட யாவாரம் பண்ணத சொல்லணும். நாளைக்கே நிறுத்திடுவாங்க. பர்மனெண்டுக்கு என் பேரு போயிருக்குது."

உள்ளே பெண் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"குவாரிக்கு வந்துடு," என்றார். "ஜல்லி உடைக்கக் கத்துத்தரேன். கையைப் பாத்து அடிக்கணும், அவ்ளோதான்."

அந்த மனுஷனுக்குப் பயத்திலும் கேலிதான் வரும். ஆனால் அன்று எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர் விளக்கு அணைக்கும்வரை எழவில்லை.

மறுநாள் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வார்டுப் பக்கம் கொண்டு போகவில்லை. சுற்றிக்கொண்டு வெளி நோயாளி அறைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்த்ததும், "என்ன ஆயா, வார்டுல இல்லாம?" என்றார்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். காசு வாங்குவது, கொதிக்க வைப்பது, வேலி, வாய். பையன் விஷயத்தையும் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் அதற்கு முன் ஒரே மூச்சில் பேசியதில்லை. வேலை போகட்டும் என்று மனசில் சொல்லிக்கொண்டே சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"எத்தனை வருஷமா காசைக் கொதிக்க வைக்கிற?"

"பையன் போனதுல இருந்துங்க."

பெண்ணைக் கிட்டே கூப்பிட்டார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கலாம்" என்று சீட்டு எழுதினார். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. இன்னொரு சீட்டு எழுதினார்.

"இது உனக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"போய் எடுத்துட்டு வா."

பெண்ணைத் தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தார்கள். தாடையை மேலே தூக்கச் சொன்னார்கள். உயரம் போதவில்லை. காலுக்குக் கீழே பலகை போட்டார்கள். மூச்சை இழு, விடாதே என்றார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். கூடுவாஞ்சேரிக்காரி காட்டியது எனக்கு நினைவு வந்தது. நானும் மூச்சை விடவில்லை.

படம் வருகிறவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல."

"தம்பிக்கு வந்ததா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு நினைவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். சின்னக் கை. வேர்த்திருந்தது. யாருடைய வேர்வை என்று சொல்ல முடியாது.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா விளக்குக் கண்ணாடியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஒன்று சின்னது. ஒன்று பெரியது. நான் சின்னதையே பார்த்தேன். வார்டில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். எதை எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஆனாலும் பார்த்தேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு."

சுவரைப் பிடித்தேன்.

"எடை குறையுதுங்க."

"மெஷினுக்கு என்ன தெரியும்? சாப்பாடு போடு. வயித்துப் பூச்சிக்கு மருந்து தரேன்."

பிறகு பென்சிலால் பெரிய படத்தில் மேல் பக்கம் ஓர் இடத்தைத் தொட்டார். அங்கே கடுகு சிந்தின மாதிரி இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி.

"இது உன்னது. பழசு. வந்து, தானா ஆறிப்போன தழும்பு. இப்ப ஒண்ணும் இல்லை, பயப்படாதே."

"எப்ப வந்ததுங்க?"

"சொல்ல முடியாது. சில வருஷம் ஆகியிருக்கும். இருமியிருப்பே. சளின்னு விட்டிருப்பே."

வேலைக்குச் சேர்ந்த அடுத்த மழைக்காலம் எனக்கு இருமல் விடாமல் இருந்தது. லீவு போட்டால் சம்பளம் இல்லை. கஷாயம் குடித்துக்கொண்டே வந்தேன். பையன் அப்போது மடியில் இருந்தான்.

டாக்டரம்மா குரலை இறக்கினார். "ஆயா, கேளு. இது காசுல வர்ற வியாதி இல்லை. இருமல்ல வரும். மூச்சுல வரும். பொண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் தூரமா நின்னிருக்கா, திறந்த வெளி. அது பரவாயில்லை. காசை வாயில போடறது அழுக்கு, வேற வியாதி வரும், போடாதேன்னு சொல்லு. நீ காசைக் கொதிக்க வச்சே. சரி. வார்டுல கட்டின புடவையோடயா வீட்டுக்குப் போற?"

"ஆமாங்க."

"இனிமே இங்கேயே குளிச்சு, மாத்திக்கிட்டுப் போ. இருமல் வந்தா அன்னைக்கே என்கிட்ட வா. வருஷா வருஷம் படம் எடு."

சரி என்றேன். நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படத்தை விளக்கிலிருந்து உருவி உறையில் போட்டார்.

"காசு வாங்கற விஷயம் நான் கேட்கலை," என்றார். "இனிமே வாங்காதே."

வெளியே வந்தோம். வெயில் நன்றாக அடித்தது. பெண் குதித்துக்கொண்டே முன்னால் போனாள். நான் மெதுவாகப் போனேன்.

கூடுவாஞ்சேரிக்காரி அந்தத் தையில் குணமாகி வீட்டுக்குப் போனாள். போகும்போது ஊசியைக் கழற்றிக்காட்டி, "கொதிக்க வச்சி உன் பொண்ணுக்குக் குட்த்துடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். நான் பர்மனெண்ட் ஆவதற்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரை தினமும் குழாயடியில் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். பிறகும் அப்படித்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது படம் எடுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

காலையில் அவள் பாவாடைகளை எல்லாம் எடுத்து வைத்து, இடுப்புப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பை தைத்தேன். பழைய புடவைத் துணியில். வாயைச் சுருக்கிக் கட்ட நாடா போட்டேன். கையை விட்டு இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. பிறகு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

அவள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"காசுல வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களேம்மா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோடா போட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். டின்னைக் கொண்டு வந்தாள். மூடியைத் திறந்து வெள்ளைக் காசு, கறுப்புக் காசு எல்லாவற்றையும் சட்டியில் கவிழ்த்தாள். வெந்நீர் தெறித்துக் கையில் பட்டது. கையை உதறிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

எல்லாம் ஒரே கறுப்பாக வந்தது. பலகையில் பரப்பினோம். காய்ந்ததும் அவளுக்குச் சேர வேண்டிய பத்து பைசாவை எடுத்துக் கொடுத்தேன். புதுப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினாள். ஐந்து பைசாவுக்குக் கமர்கட் மிட்டாய் வாங்கிவிட்டு, மிச்சத்தை டின்னில் போடுவதாகச் சொன்னாள்.

வாசலில் நின்றால் அண்ணாச்சி கடை தெரியும். ஓடினாள். கைகளை வீசிக்கொண்டு ஓடினாள். அண்ணாச்சி ஏதோ கேட்டார், வறுத்த காசைப் பற்றித்தான் இருக்கும். அவள் பையில் கைவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தை எண்ணினாள். நாடாவைக் கட்டினாள். திரும்பி ஓடி வந்தாள்.

நான் அவள் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"வாயத் தொற."

திறந்து காட்டினாள். கமர்கட்.